முதுகில் குத்தினால் புள்ளி உண்டா? வாள்வீச்சில் ஓடிப் பாய்பவருக்கு விதி வைத்திருக்கும் விலை!

14 மீட்டர் நீளம். ஒன்றரை மீட்டரிலிருந்து 2 மீட்டர் வரை அகலம். நம் வீட்டு நடைபாதையை நீட்டி வைத்தது போன்ற அந்தக் குறுகலான தளத்தில் இரண்டு பேர். வெள்ளை உடை, முகத்தை மறைக்கும் கம்பிவலைக் கவசம், கையில் வாள்.

ஒருவர் சட்டென்று முன்னால் சாய்கிறார். கையை நீட்டியபடியே பாய்ந்து ஓடி வருகிறார். வாள்முனை எதிராளியின் தோளை ஒட்டிப் போய்த் தவறிவிடுகிறது. வந்த வேகத்தில் அவரால் நிற்க முடியவில்லை. எதிராளியைத் தாண்டிப் போய்விடுகிறார். நின்றிருந்தவர் அதே நொடியில் திரும்பி, தாண்டிப் போனவரின் முதுகில் வாள்முனையை வைக்கிறார். விளக்கு எரிகிறது.

புள்ளி யாருக்கு?

முதுகில் குத்துவது நம் ஊர் வழக்கில் துரோகம். முதுகில் காயம் வாங்குவதோ அவமானம். சங்க இலக்கியம் இதைப் புறப்புண் என்கிறது. வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேல் மார்பைத் துளைத்து முதுகு வரை போனதற்கே வெட்கப்பட்டு, வடக்கிருந்து உயிர்விட்ட சேர மன்னனின் கதை புறநானூற்றில் இருக்கிறது.

ஆனால், வாள்வீச்சு விளையாட்டின் விதிப் புத்தகம் வேறு மாதிரி பேசுகிறது. மேலே சொன்ன காட்சியில், திரும்பிக் குத்தியவருக்கே புள்ளி. அதில் துரோகமும் இல்லை, தவறும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் குத்து 'உடனே' விழுந்திருக்க வேண்டும்.

அது என்ன 'உடனே'? ஓடியவருக்கு ஏன் அந்தச் சலுகை இல்லை? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அம்பு என்று ஒரு தாக்குதல்

இப்படி ஓடிப் பாய்ந்து தாக்குவதற்கு 'ஃபிளெஷ்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அம்பு என்று அர்த்தம். பெயருக்கேற்ற தாக்குதல்தான். முதலில் வாள் பிடித்த கை நீளும். உடல் நிலைகுலையும் அளவுக்கு முன்னால் சாயும். விழாமல் இருக்கப் பின்கால் முன்காலைத் தாண்டி வந்து ஊன்றும். அதற்குள் வாள்முனை எதிராளியைத் தொட்டிருக்க வேண்டும்.

தொட்டுவிட்டால் அழகு. தவறினால் ஆபத்து. ஏனென்றால், அம்பைப் போலவே இதையும் பாதியில் திரும்ப அழைக்க முடியாது. கால் ஓடிக்கொண்டிருக்கும், உடல் சாய்ந்திருக்கும், வாள் நீண்டிருக்கும். தற்காத்துக்கொள்ள எதுவும் மிச்சமிருக்காது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கிரீஸை விட்டு இறங்கி வந்து சிக்ஸர் அடிக்கப் பார்க்கிறார் பேட்ஸ்மேன். பந்து மட்டையில் படவில்லை. பின்னால் விக்கெட் கீப்பர் பெயில்ஸைத் தட்டிவிடுகிறார். ஸ்டம்பிங். இறங்கி வந்தது குற்றமில்லை. ஆனால், இறங்கி வந்து தவறவிட்டால் அதற்கு ஒரு விலை உண்டு. வாள்வீச்சில் அந்த விலையை வசூலிப்பவர், நின்ற இடத்திலேயே நின்றவர்.

தாண்டிப் போனால் என்ன ஆகும்?

இரண்டு வீரர்களில் ஒருவர் பக்கம் சிவப்பு விளக்கு, இன்னொருவர் பக்கம் பச்சை விளக்கு எரியும். அதனால் இவர்களை 'சிவப்பு', 'பச்சை' என்றே அழைப்போம். ஓடி வருபவர் சிவப்பு. நின்று சமாளிப்பவர் பச்சை.

பன்னாட்டு வாள்வீச்சுக் கூட்டமைப்பின் விதி இப்படிப் போகிறது. ஒரு வீரர் எதிராளியை முழுவதுமாகத் தாண்டிவிட்டால், நடுவர் 'ஹால்ட்' சொல்லி ஆட்டத்தை நிறுத்த வேண்டும். இருவரும் தாண்டுவதற்கு முன்பிருந்த இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். சரி, அந்தக் கணத்தில் விழுந்த குத்துகள்?

* சிவப்பு, தாண்டும்போதே அதே பாய்ச்சலில் குத்தினால் செல்லும்.

* சிவப்பு, தாண்டிப் போன பிறகு கையைப் பின்னால் வீசிக் குத்தினால் செல்லாது. விளக்கு எரிந்தாலும் ரத்து.

* பச்சை, தாக்கப்பட்ட அந்தக் கணத்திலேயே பதிலுக்குக் குத்தினால் செல்லும். அதற்காக உடம்பைத் திருப்பிக் குத்தியிருந்தாலும் செல்லும்.

ஒரே கணம், ஒரே தளம். ஆனால், இரண்டு பேருக்கும் இரண்டு கணக்கு. தாண்டிய நொடியோடு ஓடியவரின் நேரம் முடிந்துவிடுகிறது. நின்றவருக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

காரணம் எளிது. எப்போது பாய வேண்டும் என்று முடிவெடுத்தது சிவப்பு. தாண்டிப் போனதும் சிவப்பு. தாண்டிய உடனே எல்லாம் முடிந்தது என்று வைத்துவிட்டால், ஓடிப் பாய்வதில் நஷ்டமே இருக்காது. பட்டால் புள்ளி, படாவிட்டால் ஓடிப் போய்த் தப்பித்துக்கொள்ளலாம் என்றாகிவிடும். அந்தக் குறுக்குவழியை அடைக்கத்தான் பச்சைக்கு இந்த ஒரு நொடி.

'உடனே' என்றால் எவ்வளவு?

விதிப் புத்தகத்தில் இதற்கு நொடிக்கணக்கு இல்லை. தாக்குதலும் பதிலும் ஒரே தொடர்ச்சியாக இருக்க வேண்டும். தடுத்து, திரும்பி, குத்தியது ஒரே அசைவாகத் தெரிந்தால் செல்லும். தடுத்துவிட்டு, நின்று யோசித்து, பிறகு துரத்திப் போய்க் குத்தினால் செல்லாது. அதைத் தீர்மானிப்பது நடுவரின் கண்.

இதனால்தான் நடுவருக்கும் ஒரு அறிவுரை இருக்கிறது. ஓடிப் பாய்ந்தவர் மோதாமல் தாண்டிப் போகும்போது, அவசரப்பட்டு 'ஹால்ட்' சொல்லிவிடக் கூடாது. சொன்னால், பச்சை கொடுக்க வேண்டிய பதில் அடி அங்கேயே செத்துவிடும். அதே நேரம் தாமதமாகவும் சொல்லக் கூடாது. இரண்டு பேர் ஆளுக்கொரு திசையில் வாளோடு சுழன்றுகொண்டிருப்பார்கள். பெரிய போட்டிகளில் வீடியோவை ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. சின்னப் போட்டிகளில் நடுவரின் கண்தான் எல்லாம்.

கம்பி பிடுங்கினாலும் தப்ப முடியாது

இன்னொரு சுவாரசியமான விதியும் உண்டு. வீரர்களின் முதுகுப்பக்கம் ஒரு மின்கம்பி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தளத்தின் முனையிலுள்ள உருளையிலிருந்து வரும் அந்தக் கம்பிதான், குத்து விழுந்ததை விளக்குக்குச் சொல்கிறது. பொதுவாக, கருவியில் கோளாறு என்று நிரூபணமானால் கடைசியாக விழுந்த குத்தை ரத்து செய்ய வாய்ப்புண்டு.

இதைச் சாக்காக வைத்து ஒருவர் தப்பிக்க முடியுமா? சிவப்பு பாய்கிறார். பச்சை பதிலுக்குக் குத்தி, விளக்கும் எரிந்துவிடுகிறது. சிவப்பு நிற்காமல் தளத்தின் முனையையும் தாண்டி ஓடுகிறார். கம்பி பிடுங்கிக்கொண்டு வருகிறது. 'இணைப்பே இல்லையே, எப்படிப் புள்ளி?' என்று கேட்கலாமா?

கேட்க முடியாது. இதை விதி முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறது. ஓடிப் பாய்ந்தவர் வாங்கிய குத்து, அவர் ஓடிய ஓட்டத்தில் கம்பி கழன்றுவிட்டது என்பதற்காக ரத்தாகாது.

தளத்தின் பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டினாலும் இதே நியாயம்தான். குத்துப் படாமல் ஓடிவந்து பக்கவாட்டில் வெளியே போய்விட்டால், எதிராளி ஒரு மீட்டர் முன்னேறி நிற்பார். அகலம் 2 மீட்டருக்கு மேல் இல்லாத தளத்தில், எதிரே ஒருவர் நிற்கும்போது அவரைச் சுற்றிக்கொண்டு ஓட இடம் ஏது? இரண்டு காலும் வெளியே போனபின், உள்ளே நிற்பவர் உடனடியாக நேராக ஒரு குத்து வைத்தால், அதுவும் செல்லும்.

வாள் மாறினால் கணக்கும் மாறும்

இதுவரை பார்த்தது தாண்டிப் போன பிறகு கிடைக்கும் பதில் அடி. சிவப்பு ஓடி வந்துகொண்டிருக்கும்போதே பச்சை வாளை நீட்டிக் குத்தினால்? அதுதான் எதிர்த்தாக்குதல். இதற்கான பதில், கையில் இருப்பது எந்த வாள் என்பதைப் பொறுத்தது. வாள்வீச்சில் மூன்று வாள்கள்: எப்பே, ஃபாயில், சேபர்.

எப்பே: இதில் உச்சி முதல் பாதம் வரை எங்கே குத்தினாலும் புள்ளி. யார் முதலில் தாக்கினார் என்ற கேள்வியே கிடையாது. யார் முதலில் தொட்டார் என்பது மட்டுமே. இரண்டு குத்துக்கும் இடையே 25-ல் ஒரு பங்கு நொடிகூட இல்லையென்றால் இரண்டு விளக்கும் எரியும். இருவருக்கும் ஆளுக்கொரு புள்ளி.

அதனால் எப்பேயில் எதிர்த்தாக்குதல் பெரிய ஆயுதம். ஓடி வருபவரின் நீட்டிய கைதான் பச்சைக்கு மிக அருகில் இருக்கும் இலக்கு. அவர் வாள் நம் மார்புக்கு வருவதற்குள் அவர் மணிக்கட்டில் குத்திவிட்டால் போதும். கொஞ்சம் தாமதமானாலும் இரட்டைப் புள்ளி கிடைக்கலாம். ஓடி வந்த வேகத்தில் லேசாக உடல்கள் உரசிக்கொள்வதும் எப்பேயில் குற்றமல்ல. வன்முறையாக இடித்துத் தள்ளினால்தான் தண்டனை.

ஃபாயில்: இங்கே இலக்கு உடலின் நடுப்பகுதி மட்டும். முதுகும் அதில் சேர்த்தி. கையும் காலும் கிடையாது. இரண்டு விளக்கும் எரிந்தால், முறையாகத் தாக்குதலைத் தொடங்கியவருக்கே புள்ளி. ஆகவே, சிவப்பு சரியாகக் கையை நீட்டிப் பாய்ந்து வரும்போது பச்சையும் குத்தி, இரண்டும் பட்டுவிட்டால், பச்சைக்கு ஒன்றும் கிடைக்காது.

அப்படியானால் பச்சைக்கு வழியே இல்லையா? இருக்கிறது. சிவப்பு கையை மடக்கியபடியே ஓடி வந்தால், விதிப்படி அது தாக்குதலே அல்ல, வெறும் தயாரிப்பு. அந்த நேரத்தில் பச்சை கையை நீட்டித் தாக்கினால் உரிமை பச்சைக்கு. சிவப்பு வாளைத் தட்டித் தடுத்துவிட்டுத் திருப்பிக் குத்தினாலும் உரிமை கைமாறிவிடும். இல்லையென்றால், குனிந்து தப்பிக்கலாம். குனியும்போது வாள் பிடிக்காத கை தரையில் பட்டால்கூடத் தவறில்லை. சிவப்பின் வாள் காற்றில் போக, பச்சையின் வாள் மட்டும் படும். ஒற்றை விளக்கு. விவாதத்துக்கே இடமில்லை.

ஃபாயிலில் உடல்கள் மோதிக்கொள்ளக் கூடாது. மோதலை உண்டாக்கியவருக்கு முதல்முறை மஞ்சள் அட்டை. மறுபடியும் அதே வகைத் தவறு செய்தால் சிவப்பு அட்டை, எதிராளிக்கு இலவசமாக ஒரு புள்ளி.

பவானி தேவி ஏன் ஓடுவதில்லை?

மூன்றாவது வாள் சேபர். நமக்கு நெருக்கமான வாள் இதுதான். சென்னைப் பெண் பவானி தேவி கையில் பிடித்திருப்பது சேபர். டோக்கியோ ஒலிம்பிக்கில் களமிறங்கி, ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை ஆனவர். அங்கே முதல் ஆட்டத்தில் துனிசிய வீராங்கனையை 15-3 என்று வென்றார். 2023-ல் சீனாவின் வூஷியில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில், அப்போதைய உலகச் சாம்பியனான ஜப்பானின் மிசாகி எமுராவை 15-10 என்று வீழ்த்தி, வெண்கலமும் வாங்கினார்.

அவருடைய ஆட்டங்களைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். மின்னல் வேகத்தில் முன்னேறுவார், எட்டிப் பாய்வார். ஆனால், பின்கால் முன்காலைத் தாண்டி வராது. சேபரில் அது தடை.

ஒரு காலத்தில் சேபரிலும் ஓடிப் பாயலாம். இந்த வாளில் முனையால் குத்துவது மட்டுமல்ல, வீசி வெட்டினாலும் புள்ளி. தாக்குதலைத் தொடங்குபவருக்கு முன்னுரிமை வேறு. விளைவு, நடுவர் 'ஆடுங்கள்' என்றதும் இரண்டு பேரும் ஒருவரை நோக்கி ஒருவர் ஓடினார்கள். பார்வையாளருக்கு ஒன்றும் புரியவில்லை, வாள்வித்தைக்கும் இடமில்லை. 1990-களில் விதி மாறியது. முன்னால் போகும்போது பின்கால் முன்காலை முழுதாகத் தாண்டக் கூடாது.

மீறினால்? ஓடியவர் எடுத்த புள்ளி ரத்து, கூடவே மஞ்சள் அட்டை. ஆனால், அவருக்கு எதிராக எதிராளி முறையாக வைத்த அடி செல்லும். இங்கும் அதே நியாயம்தான். ஓடியவரின் கணக்கு மூடப்படுகிறது, நின்றவரின் கணக்கு திறந்தே இருக்கிறது.

இந்த விளையாட்டில் விதி எவ்வளவு கறாரானது என்பது பவானிக்கு நன்றாகத் தெரியும். 14 வயதில் முதல் சர்வதேசப் போட்டிக்காகத் துருக்கிக்குப் போனவர், 3 நிமிடம் தாமதமாக வந்ததற்காகக் கறுப்பு அட்டை வாங்கி வெளியேற்றப்பட்டார். அந்தச் சிறுமிதான் பிறகு ஒலிம்பிக் வரை போனார்.

இவ்வளவு விதி எதற்கு?

வெறும் புள்ளிக் கணக்குக்காக மட்டுமல்ல. 1982-ல் ரோம் நகரில் உலகச் சாம்பியன்ஷிப். சோவியத் யூனியனின் விளாதிமிர் ஸ்மிர்னோவ், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஃபாயில் தங்கம் வென்றவர். மேற்கு ஜெர்மனியின் மத்தியாஸ் பேருடன் ஆடிக்கொண்டிருந்தபோது பேரின் வாள் உடைந்தது. உடைந்த முனை ஸ்மிர்னோவின் முகக்கவசத்தைத் துளைத்தது. சில நாள்களில் அவர் இறந்துபோனார். யார் மீதும் குற்றமில்லாத விபத்து.

அதன்பிறகுதான் முகக்கவசம், உடை, வாளின் எஃகு எல்லாவற்றுக்கும் கடுமையான தரம் வந்தது. எத்தனை கவசம் போட்டாலும், முழு வேகத்தில் இரண்டு உடல்கள் நெருங்கும் இடத்தில் ஒழுங்கு வேண்டும். எப்போது நிறுத்துவது, எது செல்லும், எது செல்லாது என்பது முன்பே தெரிந்திருந்தால்தான், தாண்டிப் போன பிறகும் இருவரும் கண்டபடி வாளை வீசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு இரட்டை விளக்கு

இந்தக் கணக்கெல்லாம் ஒரு வீரரின் தலைக்குள் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள, 2016 ரியோ ஒலிம்பிக்கின் ஆண்கள் எப்பே இறுதிப்போட்டியைப் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம் ஹங்கேரியின் கேசா இம்ரே. வயது 41. முந்தைய ஆண்டின் உலகச் சாம்பியன். 1996 அட்லாண்டாவில் வெண்கலம் வாங்கியவர். இன்னொரு பக்கம் தென்கொரியாவின் பார்க் சாங்-யங். வயது 20. இம்ரே அட்லாண்டாவில் பதக்கம் வாங்கும்போது பார்க் கைக்குழந்தை.

15 புள்ளி எடுப்பவருக்குத் தங்கம். கடைசிச் சுற்றுக்கு முந்தைய இடைவேளையில் இம்ரே 13, பார்க் 9. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பார்க், 'என்னால் முடியும்' என்று திரும்பத் திரும்ப முணுமுணுத்ததைக் கேமரா பிடித்தது. ஆட்டம் தொடர்ந்து, 14-10 ஆனது.

இப்போது எப்பே விதியை நினைத்துப் பாருங்கள். 25-ல் ஒரு பங்கு நொடிக்குள் இருவரும் தொட்டால் இருவருக்கும் புள்ளி. பார்க்குக்கு 11, இம்ரேவுக்கு 15. ஆட்டம் முடிந்துவிடும். அதாவது, இம்ரே முந்திக்கொண்டு குத்த வேண்டும் என்றுகூட இல்லை. பார்க் தாக்க வரும்போது வாளை நீட்டி, ஒரே ஒரு இரட்டை விளக்கு எரிய வைத்தால் போதும், தங்கம் அவருடையது. எதிர்த்தாக்குதல் செய்பவருக்கு இதைவிட வசதியான நிலை கிடைக்காது.

பார்க்குக்கோ இரண்டு வேலை. தொட வேண்டும், தொடப்படவும் கூடாது. ஒரு முறை அல்ல, தொடர்ந்து ஐந்து முறை.

11. 12. 13. 14. 15. ஐந்து முறையும் எரிந்தது அவர் விளக்கு மட்டுமே. 15-14 என்று தங்கம் வென்றார்.

அடுத்த முறை பார்க்கும்போது...

செல்போனில் ஒரு வாள்வீச்சு வீடியோ வந்தால், இனி மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, எந்த விளக்கு எரிந்தது, ஒன்றா இரண்டா? இரண்டு, குத்து விழுந்தபோது ஓடியவர் தாண்டிவிட்டாரா, இல்லையா? மூன்று, பதில் அடி உடனே வந்ததா, யோசித்து வந்ததா? இந்த மூன்றும் தெரிந்தால், நடுவர் கையைத் தூக்குவதற்கு முன்பே நீங்கள் புள்ளியைச் சொல்லிவிடலாம்.

வீட்டில் வாள்வீச்சுப் பழகும் பிள்ளை இருந்தால், கூடவே இன்னொன்றும் சொல்லிக்கொடுங்கள். எதிராளி பாய்ந்து வந்து, வாள் தவறி, பக்கத்தில் கடந்துபோகும்போது, 'அப்பாடா, தப்பித்தோம்' என்று நின்றுவிடத் தோன்றும். புதிதாகப் பழகும் பிள்ளைகள் பல புள்ளிகளைக் கோட்டைவிடுவது அந்த அப்பாடாவில்தான். நடுவர் 'ஹால்ட்' சொல்லும்வரை ஆட்டம் முடியவில்லை.

பாய்ந்து வந்தவர் தன் வாய்ப்பைப் பயன்படுத்திவிட்டார். இப்போது இருப்பது, நின்றவருக்கு விதி கொடுத்திருக்கும் அந்த ஒரு நொடி.